எந்த ஊரு, எந்தப் பக்கம்?
வாடகை வீடும் சாதியும்: ஒரு வரலாறு
(மணவூரில் நிகழ்ந்த இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவரின் பிறப்பையும் பதவிகளையும் வரிசையாகச் சொல்லி முடிப்பது வழக்கம். இரட்டைமலை சீனிவாசன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் 1939இல் எழுதிய 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' மிகச் சிறிய நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்கிறார். கூடப் படித்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். அவர்களோடு பழகினால் தன் சாதி, குடும்பம், இருப்பிடம் தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம்.

சாதி தெரிந்துவிடும் என்ற பயம் நமக்குப் புதிதில்லை. அதோடு அவர் சேர்த்துச் சொல்லும் இன்னொன்றைக் கவனியுங்கள்: இருப்பிடம். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டாலே போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு மாணவன் அஞ்சிய அந்தக் கேள்விதான், இன்று வாடகைக்கு வீடு தேடிப் போகும் நம் பிள்ளையிடம் வாசற்படியிலேயே கேட்கப்படுகிறது. அது எப்படி வந்தது, ஏன் இன்னும் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

சேரியின் நிலம் யாருடையது?

நம் மணவூர் பழைய ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் மணவிற் கோட்டம் ஒன்று. பக்கத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகளைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அந்தப் பெருமையைச் சொல்லும்போது கூடவே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இராசேந்திரனின் தந்தை இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டி வைத்த கல்வெட்டுகள், வரிக் கணக்கில் சேராத நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர் நத்தத்தைத் தனியாகச் சொல்லி, பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பது கல்லில் எழுதப்பட்ட கணக்கு.

சேரியில் வீடு நம்முடையது, நிலம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில் மிராசுதாரர்கள் வயலை மட்டும் தங்களுடையது என்று சொல்லவில்லை. சேரி மனையும் எங்களுடையதே என்றார்கள். மண்சுவர் எழுப்பியது, ஓலை வேய்ந்தது, வருடா வருடம் பூசி மெழுகியது எல்லாம் நாம். ஆனால் கூலி போதாது என்று கேட்டாலும், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலும் மனையை விட்டு வெளியேறு என்று சொல்ல அவர்களால் முடிந்தது. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். குடியிருக்கும் மனைக்குக் குடியிருப்பவருக்கே உரிமை வேண்டும் என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. வீட்டைப் பிடித்தால் ஆளைப் பிடித்ததுபோல் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

ஆகவே நம் வரலாற்றில் 'வீட்டுக்காரர்' என்பவர் நகரத்தில் புதிதாக முளைத்த ஆள் இல்லை. நாம் ஆயிரம் ஆண்டாக வாடகைச் சீட்டு இல்லாமல் குடியிருந்தவர்கள். வாடகையை உழைப்பாகக் கொடுத்தோம். அந்தப் பிடி சட்டத்தில் தளர எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். 1920 வாக்கில் அன்றைய சென்னை அரசு தொழிலாளர் ஆணையரை அமர்த்தி, நிலம் கையகப்படுத்தி மனைகள் கொடுக்கத் தொடங்கியது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961இல் வந்தது. குடியிருக்கும் மனையை உழவுத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. டிரமன்ஹீர் அறிக்கைக்கும் அதற்கும் நடுவில் 80 ஆண்டுகள்.

இந்த 80 ஆண்டில் திருத்தணிப் பகுதி எத்தனை கை மாறியது! கார்வேட்டிநகர் ஜமீன், வட ஆர்க்காடு மாவட்டம், 1911இல் சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம், 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் தமிழகம். வடக்கெல்லைப் போராட்டத்தில் மாநிலத்தின் எல்லையே நகர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த எல்லைக்கல் ஒரு அடி நகரவில்லை.

தெரு திறந்தது, கதவு?

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் போகத் தடையில்லை என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. தன் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று அஞ்சி வகுப்புக்கு வெளியே நின்ற பையன், அறுபது வயதைத் தாண்டி, அத்தனை தெருக்களையும் சட்டப்படி திறந்துவிட்டான்.

தெருவில் நடக்கலாம் என்று ஆயிற்று. அந்தத் தெருவில் குடியிருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நடப்பவன் கடந்து போய்விடுவான். குடியிருப்பவன் தண்ணீர் பிடிப்பான், கோலம் போடுவான், கறி சமைப்பான், அவன் பிள்ளை வீட்டுக்காரர் பிள்ளையோடு விளையாடும். அதனால்தான் தெரு திறந்த பிறகும் கதவு மூடியே இருந்தது.

நம் பகுதி ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கிப் போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை நம் வயல்களை ஒட்டித்தான் போகிறது. 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலைகள் வந்தபோது, விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு மணவூர் ஸ்டேஷனில் ஏறி இருட்டிய பிறகு இறங்கிய தலைமுறை ஒன்று உண்டு. வாடகை கட்டுப்படியாகாதது ஒரு காரணம். வீடு கேட்கப் போய் அவமானப்படுவதைவிட நின்றுகொண்டே பயணம் செய்வது மேல் என்பது இன்னொரு காரணம். சீசன் டிக்கெட்டுக்குச் சாதி கேட்பதில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்கு அது வெறும் வீடு இல்லை. சம்பள நிலையும் பணி மூப்பும் பார்த்து ஒதுக்கிய, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்ல முடியாத முதல் வீடு அது. குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் பிள்ளைகள் ஏன் நிமிர்ந்து பேசினார்கள் என்று யோசித்தால் இதுவும் ஒரு விடை.

பரோடாவில் நடந்த விசாரணை

குவார்ட்டர்ஸ் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பெரும் சாட்சியம் இருக்கிறது. 1917இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தார். தங்க இடமில்லை. இந்து விடுதிகளுக்குப் போனால் கண்டுபிடித்து வெளியேற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றுக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு இடமில்லை என்றார் காப்பாளர். ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இடம் கொடுத்தார். பதினோராம் நாள் காலை தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. யார் நீ என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. மாலைக்குள் காலி செய் என்றார்கள்.

அடுத்து இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறித்தவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டு நண்பர்களின் பதிலையும் கவனியுங்கள். இருவருமே 'எனக்கு ஆட்சேபம்' என்று சொல்லவில்லை. ஒருவர் வேலைக்காரரைக் காட்டினார், ஒருவர் மனைவியைக் காட்டினார். நூறு ஆண்டு கழித்தும் இதே வசனம்தான். "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க சார், வீட்ல பெரியவங்க இருக்காங்க, அவங்கதான் பாப்பாங்க."

இன்றைய விசாரணை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பதிவாக இருக்கட்டும்.

"சார், வீடு காலின்னு போர்டு பாத்தேன்."
"ஆமா தம்பி, வாங்க. என்ன வேலை? எத்தனை பேரு?"
"ஐ.டி. கம்பெனிங்க. நானும் வீட்டுக்காரியும், ஒரு கொழந்தை."
"நல்லது. சொந்த ஊரு?"
"திருத்தணி பக்கம், மணவூருங்க."
"மணவூருல எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா?"

இங்கே ஒரு வினாடி மௌனம். அந்த ஒரு வினாடிதான் பதில். அதற்குப் பிறகு கவுச்சி சமைப்பீங்களா, உங்க குலதெய்வம் எது என்ற கேள்விகள் வரலாம், வராமலும் இருக்கலாம். கடைசியில் "நம்ம சொந்தத்துல ஒருத்தர் கேட்டிருக்காரு தம்பி, அவரு வேணாம்னா சொல்றேன், நம்பர் குடுத்துட்டுப் போங்க." அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடுவதில்லை. போர்டு மட்டும் இன்னும் தொங்கும்.

வீட்டுக்காரர் தரப்பும் கேட்போம்

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் வீடு விடுகிறவரின் கவலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒழுங்காக வருமா, சொன்ன தேதியில் காலி செய்வாரா, வீட்டைச் சேதப்படுத்துவாரா என்ற பயம் உண்மை. 1941இல் போர்க்காலத்தில் சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் உள்ளே விடும்போதே ஆளைப் பார்த்து விட வேண்டும் என்றார்கள் வீட்டுக்காரர்கள்.

சரி. அப்படியென்றால் சம்பளத்தைக் கேளுங்கள். முன்பு குடியிருந்த வீட்டில் விசாரியுங்கள். ஒப்பந்தம் எழுதுங்கள், அட்வான்ஸ் வாங்குங்கள், அடையாள அட்டையின் நகல் வாங்குங்கள். இவையெல்லாம் வாடகைக்குச் சம்பந்தமுள்ள கேள்விகள். வாடகை தருவாரா என்பதை எந்தத் தெருவில் பிறந்தார் என்பது சொல்லாது.

பழைய சட்டத்தில் இன்னொரு விசித்திரம் இருந்தது. வீடு காலியானால் வீட்டுக்காரர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் தன் அலுவலருக்கு அந்த வீட்டை எடுத்துக் கொடுக்கலாம். ஆக, யாரைக் குடிவைப்பது என்பது வீட்டுக்காரரின் தனி விருப்பம், அதில் யாரும் தலையிட முடியாது என்பது இந்த நாட்டில் ஒருபோதும் முழு உண்மையாக இருந்ததில்லை. அரசுக்குத் தேவைப்பட்டபோது அது தலையிட்டது. நமக்குத் தேவைப்பட்டபோது அது தனியார் விவகாரம் ஆகிவிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. வீட்டுக்காரரின் பழைய பயத்துக்கு அது மருந்து. சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை.

சட்டம் இருக்கிறது, பிடி இல்லை

அந்த வரி வேறெங்குமே இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் எந்தக் குடியிருப்பையும் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 12ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி என்று சொல்கிறது, வீட்டைச் சொல்லவில்லை. ஆனால் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் ஒரு விளக்கம் கொடுத்தார். 'கடை' என்பதை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும், தன் சேவையைப் பிறருக்குத் தர முன்வரும் எவரும் அதில் அடங்குவர் என்றார். 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு கல்லூரி வழக்கில் இந்த விளக்கத்தை எடுத்தாண்டது. அப்படிப் பார்த்தால் வாசலில் 'டு லெட்' பலகை மாட்டியவர் கடை திறந்தவர்தான். ஊருக்கெல்லாம் பலகை காட்டிவிட்டு உனக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று விதி வைத்திருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. சிறுபான்மையினர் சேர்ந்து வாழ விரும்புவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே குசராத்தில், அதே சமூகத்தின் விடுதியிலிருந்து அம்பேத்கர் தடியோடு வெளியேற்றப்பட்டதை நினைத்தால், அந்தத் தீர்ப்பின் நிழல் எங்கெல்லாம் விழும் என்ற கவலை வருகிறது. இன்று 'சைவம் மட்டும்' என்று எழுதும் சங்கங்களும் அதே நிழலில்தான் நிற்கப் பார்க்கின்றன.

இத்தனை வலுவான சட்டம் ஏன் வீட்டு வாசலில் செத்துப்போகிறது? ஏனென்றால் வீட்டுக்காரர் காரணம் சொல்லத் தேவையில்லை. "காலி இல்லை" என்று சொன்னால் போதும். தடியோடு வந்த கூட்டத்துக்குச் சாட்சி உண்டு, கூப்பிடாத போனுக்குச் சாட்சி இல்லை. தீண்டாமை இன்று குடியிருக்கும் இடம் காரணம் சொல்லாமல் மறுக்கிற அந்த உரிமைதான்.

இதை உடைக்க முடியாது என்று யாராவது சொன்னால் அமெரிக்காவைப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் வீட்டுக்காரரும் குடியிருந்தால் விலக்கு. ஆனால் அங்கே ஆட்களை அனுப்பிச் சோதித்தார்கள். ஒரே வீட்டுக்கு முதலில் கறுப்பினத்தவரையும் பிறகு வெள்ளையரையும் அனுப்பினார்கள். முன்னவருக்கு 'காலி இல்லை', பின்னவருக்கு 'வாங்க, பாருங்க'. காலி இல்லை என்று பொய் சொன்னதே தீங்கு, அதற்காகச் சோதிக்கப் போன கறுப்பினப் பெண்ணே வழக்குத் தொடரலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டிலும் சுகதேவ் தோரட் குழுவினர் 2012இல் டெல்லியிலும் சுற்றியுள்ள நான்கு நகரங்களிலும் இதே சோதனையைச் செய்தார்கள். 2015இல் முடிவுகள் வெளிவந்தன. போனில் கேட்டபோது தலித்துகளில் 100க்கு 18 பேருக்கும், முஸ்லிம்களில் 100க்கு 31 பேருக்கும் வீடு மறுக்கப்பட்டது. கூடுதல் நிபந்தனை போட்டவர்கள் தனி. இது ஆய்வாக வந்தது, வழக்காக மாறவில்லை. 12ஆம் பிரிவின் அனுமானமும் இந்தச் சோதனையும் ஒன்று சேர்ந்தால் 'காலி இல்லை' என்ற சொல்லுக்கும் சாட்சி கிடைக்கும். நம் வழக்கறிஞர் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

அரசு நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அங்கேயும் சாதி கேட்டார்கள், பக்கத்தில் வைப்பதற்காக. அதன் குறைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் ஊரின் வெளியே புதிதாக நூறு வீடு கட்டத் துணிந்த அரசு, ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் லட்சக்கணக்கான வாடகை வீடுகளின் கதவைத் தட்டவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போனாலும் "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி போகாதவரை, புதுப் பெயரும் பழைய வேலையையே செய்யும்.

நாமும் வீட்டுக்காரர்கள்

கடைசியாக ஒன்று. இந்த அவையில் இருப்பவர்களில் பலர் இன்று வீட்டுக்காரர்கள். கடன் வாங்கி, நகை வைத்து, மாடி எடுத்து, ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கேள்வி கேட்கப்பட்ட நாம் இப்போது கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். நம் வாசலில் ஓர் இருளர் குடும்பம் வந்து நின்றால் என்ன கேட்கிறோம்? அருந்ததியர் பிள்ளை வந்தால்? முஸ்லிம் தம்பதி வந்தால்? கணவரைப் பிரிந்து குழந்தையோடு ஒரு பெண் வந்தால்? வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள் வந்தால்?

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அக்கம்பக்கத்துல ஒரு மாதிரியா பேசுவாங்க" என்று நம் வாயிலிருந்தும் வந்தால், பரோடாவில் அந்த இரண்டு நண்பர்கள் சொன்னதைத்தான் நாமும் சொல்கிறோம்.

மன்றத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வீடு விடும்போது நான்கே கேள்வி கேட்போம். என்ன வேலை, எத்தனை பேர், எப்போது வருகிறீர்கள், வாடகை எந்தத் தேதியில் தருவீர்கள். பதில் சரியாக இருந்தால் முதலில் வந்தவருக்கு முதலில் வீடு. மறுத்தால் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்வோம். சொல்லக் கூச்சப்படுகிற காரணம் என்றால், அது மறுக்கத் தகுந்த காரணம் இல்லை.

பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை வெளியே நின்ற சீனிவாசன் தெருவைத் திறந்துவிட்டுப் போனார். நம் சாவி நம் இடுப்பில்தான் தொங்குகிறது. முதலில் நம் கதவைத் திறந்து வைப்போம். அப்போதுதான் அடுத்தவர் கதவைத் தட்டும்போது நம் கை நடுங்காது.